பிரியாத தையல்

சீனத்தை ஆண்ட ஜின் மரபினரின் வரலாற்றைக் கூறும் நூலொன்று கி.பி. 648இல் தொகுக்கப்பெற்றது. அதில் வெய் யோங்ஷி என்னும் ஏழை இளைஞனின் கதை வருகிறது. பிளந்த மேலுதட்டோடு பிறந்தவன். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தன் பதினெட்டாம் வயதில், ஜிங்ஜோ மாகாணத்து ஆளுநரிடம் இதைச் சரிசெய்யவல்ல மருத்துவர் ஒருவர் இருப்பதாகக் கேள்வியுற்று அங்கே போகிறான். மருத்துவர் உதட்டைப் பார்க்கிறார். அறுத்துச் சேர்த்துவிடலாம், ஆனால் நூறு நாட்கள் கஞ்சி மட்டுமே குடிக்க வேண்டும், சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது என்கிறார். ஆயுளில் பாதி பேசாதிருக்கச் சொன்னாலும் மீதிப் பாதி இருக்கிறதே, நூறு நாட்கள் எம்மாத்திரம் என்கிறான் இளைஞன். ஆளுநர் அவனுக்குத் தனி இல்லம் ஒன்றை ஒதுக்கித் தருகிறார். உதடு கூடுகிறது. பின்னாளில் அதே மாகாணத்து ஆளுநர் இருக்கையில் அவனே அமர்ந்தான் என்று கதை முடிகிறது.

உதட்டுப் பிளவு அறுவைக்கான மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாக அறுவை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதைக் காட்டுவார்கள். நம் கவனம் வேறோரிடத்தில் நிலைக்கிறது. அறுத்துச் சேர்த்ததற்கு அந்நூலில் ஒரு தொடர்தான் உண்டு. பத்தியத்துக்கோ ஒரு காட்சி முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அறுவையின் வெற்றி மருத்துவரின் கத்தியில் பாதியும் நோயாளியின் நூறு நாட்களில் பாதியுமாக இருந்ததை அந்த வரலாற்றாசிரியர் உணர்ந்திருக்கிறார். பிற்கால மருத்துவ நூல்கள் யார் முதலில் தைத்தார் என்ற போட்டியைப் பக்கம் பக்கமாக எழுதின. தைத்தது எப்படிப் பிரியாமல் நின்றது என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அண்ணப் பிளவைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்வியே உண்மையான வரலாறு.

உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரிவது. அண்ணப் பிளவு வாய்க்குள் மறைந்திருப்பது. கருவில் இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து நடுவில் கூட வேண்டிய மேல்வாய்த் தட்டுகள் கூடாமல் நின்றுவிடும்போது, வாய்க்கும் மூக்குக்கும் இடையே சுவர் இல்லாமல் போகிறது. உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் உதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவு காணப்படுகிறது. (கிரகணத்தன்று கருவுற்ற தாய் வெளியே வந்ததால் நேர்ந்தது என்று நம் ஊர்களில் இன்றும் சொல்லப்படுவதுண்டு. இதே நம்பிக்கை பழைய மெக்சிகோவிலும் இருந்தது என்பது விந்தை.) இப்பிளவுள்ள குழந்தையால் முலைப்பாலை உறிஞ்ச இயலாது. உறிஞ்சுவதற்கு வாய் ஒரு மூடிய அறையாக வேண்டும். குடித்த பால் மூக்கு வழியே வரும். பிழைத்து வளர்ந்தால் பேச்சு வராது. அல்லது பிறருக்கு விளங்காத பேச்சாக வரும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகள் பிறக்குமிடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டினைக் கூறுகிறது. மெல்லெழுத்துகள் தத்தம் இடத்தில் பிறந்தாலும் மூக்கின் வளியால் ஒலிப்பவை என்றும் தனியே சொல்கிறது. பகரமும் மகரமும் பிறப்பது ஒரே இடத்தில், இரண்டு இதழ்களின் சேர்க்கையில். வேறுபாடு ஒன்றே. பகரத்துக்கு மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வாயிலை அடைத்துக்கொள்ள வேண்டும். மகரத்துக்கு அது தாழ்ந்து வாயிலைத் திறந்துவிட வேண்டும். அந்தக் கதவே இல்லாத வாயில் வல்லினம் பிறக்க வழியில்லை. 'படம்' என்று சொல்ல முயலும் குழந்தையிடமிருந்து 'மணம்' போன்ற ஏதோ ஒன்று வரும். க, ச, ட, த, ப, ற ஆறும் இழந்த தமிழை எண்ணிப் பார்த்தால் அண்ணப் பிளவு எதைப் பறிக்கிறது என்பது விளங்கும்.

ஆகவே அண்ணத்தைத் தைப்பதன் நோக்கம் ஓட்டையை மூடுவதோடு முடிவதில்லை. மூடிய அண்ணம் அசைய வேண்டும், நீளம் போதுமானதாக இருக்க வேண்டும், தொண்டையின் பின்சுவரைத் தொட வேண்டும். 16ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் அம்புருவாஸ் பாரே பொன், வெள்ளித் தகடுகளைப் பஞ்சோடு பொருத்தி மேல்வாய் ஓட்டைகளை அடைத்தார். அவை பெரும்பாலும் துப்பாக்கிக் காயத்தாலும் பறங்கிப் புண்ணாலும் ஏற்பட்ட ஓட்டைகள். அடைப்பான் உணவைத் தடுக்கும், அசையாது.

அசையும் அண்ணத்தைத் தைத்தவர்களுள் முதலில் இருவர் வருகிறார்கள். பெர்லினில் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே 1816இல் தம் அறுவையை அங்குள்ள மருத்துவச் சங்கத்தில் அறிவித்தார். பாரிசில் ஃபிலிபர் ழோசஃப் ரூ 1819இல் தம் அறுவையைச் செய்தார். முதன்மை யாருக்கு என்று இரு நாட்டாரும் நெடுங்காலம் வழக்காடினார்கள். அது நமக்கு வேண்டாம். ரூவின் நோயாளியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் கத்திக்குக் கீழே இருந்தவரே அதைப் பற்றி எழுதியது இவ்வரலாற்றில் இங்கேதான்.

அவர் பெயர் ஜான் ஸ்டீஃபன்சன். கனடாவின் மான்ட்ரியலில் 1796இல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்த மாணவர். பாரிசுக்கு வந்த இடத்தில், பிறவியிலேயே பிளந்திருந்த தம் மெல்லண்ணத்தை ரூவிடம் காட்டுகிறார். 1819 செப்டம்பர் 28 அன்று ரூ அதைத் தைத்தார். மயக்கமருந்து கண்டறியப்படாத காலம். நாற்காலியில் அமர்ந்து, வாயைத் திறந்தபடி, ஓங்கரிப்பை அடக்கிக்கொண்டு, தொண்டைக்குள் ஊசி போய் வருவதைத் தாங்க வேண்டும். மறு ஆண்டே எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த இலத்தீன் ஆய்வேடு இந்த அறுவையைப் பற்றியது. பின் மான்ட்ரியல் திரும்பி, 1823இல் அங்கு மருத்துவப் பள்ளியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். அதுவே 1829இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமாயிற்று. உடற்கூறும் அறுவையும் அவர் நடத்திய பாடங்கள். குரலை நம்பிப் பிழைக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு, அண்ணம் தைக்கப்பட்ட மனிதர் விரிவுரையாளரானார் என்னும் செய்தி கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கிறது.

ஆனால் ஸ்டீஃபன்சன்கள் அரிது. அக்காலத்தில் அறுவை முடிந்தவருக்கு விதிக்கப்பட்டது ஜிங்ஜோ மருத்துவர் சொன்னதன் கடுமையான வடிவம். சில நாட்கள் பேசக் கூடாது, உண்ணக் கூடாது, கூடுமானவரை எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது. விழுங்கும்போதும் பேசும்போதும் அண்ணத் தசைகள் இழுபடும். இழுபட்டால் தையல் பிரியும் என்பது கணக்கு. இதையெல்லாம் புரிந்துகொண்டு பொறுக்கக்கூடியவர்கள் பெரியவர்கள் மட்டுமே. எனவே குழந்தைகளுக்கு அறுவை இல்லை. பேச்சுப் பழக்கம் இறுகிப்போன பின்னரே அண்ணம் கூடியது. கூடிய பின்னும் பழைய பேச்சே தொடர்ந்தது. பிளவு வல்லண்ணம் வரை நீண்டிருந்தால், தைத்தவை பெரும்பாலும் பிரிந்தன.

தையல் ஏன் பிரிகிறது? இக்கேள்விக்குக் கிடைத்த முதல் விடை இழுவிசை. இலண்டனில் வில்லியம் ஃபெர்கூசன் பிளவுள்ள சடலம் ஒன்றின் அண்ணத்தை அறுத்து ஆராய்ந்து 1844இல் எழுதினார். அண்ணத்தை உயர்த்தும் தசைகளே இரு பாதிகளையும் எதிர்ப்பக்கங்களுக்கு இழுக்கின்றன. அவற்றை வெட்டிவிட்டுத் தைத்தால் தையல் நிற்கும் என்பது அவர் முடிவு. வெட்டினார், தையலும் நின்றது. ஆனால் அண்ணத்தை உயர்த்தும் தசையையே வெட்டியபின் அண்ணம் எதைக் கொண்டு உயரும்? தையலைக் காக்கும் பொருட்டுப் பேச்சைப் பணயம் வைத்த முறை அது என்றே நாம் கருதுகிறோம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகி, 1969இல் ஜெர்மனியின் ஓட்டோ கிரீன்ஸ் இதற்கு நேரெதிரானதைச் சொன்னார். பிளவுள்ள அண்ணத்தில் அத்தசைகள் எலும்பின் விளிம்பில் தவறான இடத்தில் பற்றியிருக்கின்றன. அவற்றை அங்கிருந்து விடுவித்து, பின்னுக்குத் திருப்பி, நடுவில் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். எதிரி என்று வெட்டப்பட்ட தசைக்கு அதன் வேலை திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது விடை இரத்த ஓட்டம். மேல்வாயின் மென்தோலை மட்டும் உரித்து நடுவுக்கு நகர்த்தியபோது அது கறுத்து அழுகியது. பெர்லினின் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கன்பெக் 1861இல், எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வையும் சேர்த்து ஒரே கனமான படலமாக உரித்தெடுத்தார். முன்னும் பின்னும் ஒட்டியிருக்க, பற்களின் ஓரமாக நீண்ட கீறலிட்டு, இரு பக்கத்துப் படலங்களையும் இரட்டைக் கைப்பிடி கொண்ட பை போல நடுவுக்குத் தள்ளித் தைத்தார். இரத்தக் குழாய்கள் படலத்தோடே பயணம் செய்தன. ஓரத்துக் கீறல்கள் இழுவிசையையும் தளர்த்தின. வல்லண்ணம் மூடத் தொடங்கியது உண்மையில் இங்கிருந்துதான். இன்றைய முறைகள் பலவற்றுக்கும் தாய் இதுவே.

மூன்றாவது தடை மூச்சு. 1840களின் இறுதியில் ஈதரும் குளோரோஃபார்மும் வந்தபின் குழந்தைகளுக்கும் அறுவை செய்யலாம் என்றாயிற்று. ஆனால் மயங்கிக் கிடக்கும் குழந்தையின் தொண்டையில் வழியும் இரத்தம் நுரையீரலுக்குள் இறங்கும். விழித்திருந்த நோயாளி துப்பினார். மயங்கிய குழந்தை என்ன செய்யும்? 1874இல் எட்மண்ட் ரோஸ் ஓர் எளிய வழி சொன்னார். தலையை மேசையின் விளிம்புக்கு அப்பால் தாழத் தொங்கவிட்டால் இரத்தம் மூச்சுக்குழலை நோக்கிப் போகாமல் மூக்குப் பக்கம் தேங்கும். ஒரு மேசையும் ஒரு சிந்தனையும் போதுமாயிருந்தன. ரோஸ் நிலை என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. தலைமாட்டில் மயக்கமருந்து மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே சிறிய வாய்க்காகப் போட்டியிட்ட நிலை 20ஆம் நூற்றாண்டில் மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தும் முறை வந்தபின் மாறியது. குழந்தைகளுக்கான தீர்வை 1937இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஃபிலிப் ஏர் தந்தார். வால்வுகள் ஏதுமில்லாத, ஆங்கில 'டி' எழுத்து வடிவிலான சிறு குழாய். எதிர்ப்பின்றிக் குழந்தை தானே மூச்சு விடலாம். அதே ஊரில், அதே ஆண்டில்தான் வார்டில் என்னும் மருத்துவர் அண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளி நீளமாக்கும் தம் முறையை வெளியிட்டார். ஏர் தாமே உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தவர். ஸ்டீஃபன்சனுக்குப் பின் நூற்றுப்பதினெட்டு ஆண்டுகள் கழித்து, கத்தியின் இரு பக்கங்களையும் அறிந்த இன்னொருவர்.

இவற்றையெல்லாம் பேச்சு என்னும் அளவுகோலால் அளந்தவர் பாரிசின் விக்டர் வோ. தையல் நின்றும் அண்ணம் ஏன் நாளடைவில் சுருங்கிக் குறுகுகிறது என்று அவர் கேட்டார். வாய்ப் பக்கத்தை மட்டும் தைத்தால் மூக்குப் பக்கம் புண்ணாகவே திறந்து கிடக்கும்; ஆறும் புண் சுருங்கும்; சுருங்கும் புண் அண்ணத்தை முன்னுக்கு இழுக்கும். எனவே மூக்குப் பக்கச் சவ்வைத் தனி அடுக்காகவும், தசையைத் தனியாகவும், வாய்ப் பக்கத்தைத் தனியாகவும் தைத்தார். ஓரடுக்கில் துளை விழுந்தாலும் மற்றது காக்கும். 1931இல் வந்த அவருடைய நூல் இத்துறையின் பேரேடு. அதைவிடப் பெரிது, 1926 முதல் சுசான் போரெல்-மெசோனி என்ற மொழியொலி வல்லுநரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டது. அறுவைக்குப் பின் குழந்தை எவ்வாறு பேசுகிறது என்று கேட்டு எழுதவும், பயிற்சி அளிக்கவும் அவர் தொடங்கினார். பிரான்சில் பேச்சுப் பயிற்சி என்னும் துறையே அவரிடமிருந்து கிளைத்தது. தையல் ஆறிவிட்டது என்று அறுவை மருத்துவர் கைகழுவும் இடத்தில் உட்கார்ந்து காதுகொடுத்தவர் அவர். இவ்வரலாற்றில் அவருக்குரிய இடம் போதிய அளவு தரப்படவில்லை என்பது நம் எண்ணம்.

பின்வந்த முறைகளை ஒவ்வொன்றாக விரிக்கப்போவதில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் இலக்கிய வாசகர்களிடம் சொல்லாமல் விட மனமில்லை. இரு படலங்களை முழுதாக உயர்த்தி மூடும் முறையை 1967இல் வெளியிட்ட போலந்து நாட்டவர் யானுஷ் பார்தாக், இளமையில் ஸ்டாலின் காலத்துக் கோலிமா வதைமுகாமில் கிடந்து உயிர் தப்பியவர். பின்னாளில் அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றியபோது அந்நாட்களை நூலாக எழுதினார். அது 1998இல் வந்தது. ஷலாமோவின் கோலிமாக் கதைகளைப் படித்தவர்கள், அதே பனிவெளியிலிருந்து வந்த கைகள் பச்சிளம் வாய்களில் என்ன செய்தன என்பதையும் அறிந்திருக்கட்டும்.

அறுவை அரங்கிலிருந்து குழந்தை வெளியே வந்தபின் நடப்பவற்றுக்கு வருவோம். முதல் நாளில் அஞ்சப்படுபவை இரண்டு: இரத்தக் கசிவும் மூச்சடைப்பும். வாயை நெடுநேரம் அகட்டிப் பிடிக்கும் கருவியின் அழுத்தத்தால் நாக்கு வீங்கலாம். திறந்தே இருந்து பழகிய மூச்சுவழி திடீரென்று குறுகியிருக்கும். சிறிய தாடையோடு பிறந்த குழந்தைகளுக்கு இடர் இன்னும் அதிகம். ஆகவேதான் அன்றிரவு செவிலியர் கண் அகலாமல் பார்க்கிறார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் கருவி காட்டிக்கொண்டே இருக்கிறது. சளி, காய்ச்சல் உள்ள குழந்தையின் அறுவையைத் தள்ளிப்போடுவதும், முன்னரே எடையையும் இரத்தச் சோகையையும் சரிசெய்வதும் இதற்கான முன்னேற்பாடுகளே. அடுத்த சில வாரங்களுக்கு அச்சம் தையல் பிரிந்து துளை விழுவது. அது பெரும்பாலும் வல்லண்ணமும் மெல்லண்ணமும் சந்திக்கும் இடத்தில் விழும். நீர்த்த உணவு, ஒவ்வொரு முறை ஊட்டியபின்னும் சிறிது தண்ணீர், கூரிய பொருள் எதுவும் வாய்க்குள் போகாமை ஆகியவை தாய்மாரிடம் சொல்லப்படுபவை. நூறு நாள் கஞ்சியின் நிழலை இதில் காணலாம்.

ஆயினும் பத்தியம் என்று வந்தவை அனைத்தும் பத்தியமாகா. குழந்தை வாயில் விரலை விட்டுத் தையலைப் பிரித்துவிடும் என்று அஞ்சி முழங்கை மடங்காதபடி சட்டம் கட்டும் வழக்கம் தலைமுறைகளாக இருந்தது. 1993இல் இங்கிலாந்தில் கட்டியவர்களையும் கட்டாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கையை அசைக்க முடியாமல் அழுத குழந்தைகள் எத்தனை ஆயிரம்! இதற்கு மறுபுறமும் உண்டு. அறுவைக்குப் பின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவையா என்ற நெடுநாள் ஐயத்துக்கு அசாமின் குவஹாட்டியில் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஐந்து நாட்கள் அமாக்சிசிலின் பெற்றவர்களுள் துளை விழுந்தவர்கள் சுமார் 11 விழுக்காடு. வெற்று மருந்து பெற்றவர்களுள் சுமார் 17. மரபு ஓரிடத்தில் தோற்றது, ஓரிடத்தில் வென்றது. சோதிக்கும் வரை இரண்டும் ஒரே முகத்தோடுதான் நின்றன. மருத்துவமனைகள் இவ்விரு விஷயத்திலும் இன்னும் ஒரே வழியில் நடப்பதில்லை. தன் குழந்தைக்கு எது என்பதைத் தைத்த மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

எல்லாவற்றினும் மெல்ல வெளிப்பட்ட பின்விளைவு ஒன்றுண்டு. சிறுவயதில் தைக்கப்பட்ட குழந்தைகள் பதின்வயதை எட்டும்போது முகத்தின் நடுப்பகுதி வளராமல் உள்வாங்கியிருப்பது கண்டார்கள். பிறவிக் குறையின் தொடர்ச்சி என்றே பலரும் எண்ணினர். உண்மையை அறிய, பிளவோடு பிறந்து தைக்கப்படாமலே வளர்ந்தவர்களைக் காண வேண்டும். ஐரோப்பாவில் அத்தகையோர் இல்லை. 1959இல் மெக்சிகோவில் ஓர்த்திஸ் மொனஸ்தேரியோவும் பிறரும், பின் 1980களில் தொடங்கி இலங்கையில் மைக்கேல் மார்ஸ் குழுவினரும் அவ்வாறு வளர்ந்தவர்களை அளந்தார்கள். அவர்களுடைய மேல்தாடை பெரிதும் இயல்பாகவே வளர்ந்திருந்தது. குறுக்கியது அறுவையின் தழும்பே. மருத்துவம் எட்டாத வறுமை, மருத்துவத்துக்கு அதன் பிழையைக் காட்டியது என்ற இந்த இடம் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. இலங்கைத் திட்டம் அவர்களுக்கு அறுவையும் செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் தாமதித்துத் தைக்கலாமா? ஜெர்மனியில் ஷ்வெக்கன்டீக் மெல்லண்ணத்தை முதலில் மூடி, வல்லண்ணத்தைப் பல ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்தார். முகம் நன்றாக வளர்ந்தது, பேச்சு கெட்டது. முகமா பேச்சா என்ற இந்த இழுபறி அரை நூற்றாண்டு நீண்டது. பேச்சுக்கு உகந்த வயது எது என்பதை மட்டும் தீர விசாரித்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் 558 குழந்தைகள். அண்ணப் பிளவு மட்டும் உள்ளவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஆறாம் மாதத்திலும் பாதிப் பேருக்குப் பன்னிரண்டாம் மாதத்திலும் ஒரே முறையில் அண்ணம் தைக்கப்பட்டது. ஐந்து வயதில் அவர்களுடைய பேச்சைப் பதிவு செய்து, யார் எப்போது தைக்கப்பட்டவர் என்று அறியாத பேச்சு வல்லுநர்களிடம் தந்தார்கள். மூக்கின் வாயிலை அடைக்க அண்ணத்தால் இயலாமற்போனவர்கள், ஆறாம் மாதக் குழுவில் 8.9 விழுக்காடு, பன்னிரண்டாம் மாதக் குழுவில் 15.0 விழுக்காடு. முகங்கள் எவ்வாறு வளர்ந்தன என்று பார்க்க அக்குழந்தைகள் இன்னும் சில ஆண்டுகள் வளர வேண்டும்.